வட்டக்கச்சி வீடு குழு: அக்கா அனுப்பிய புல்வெளிப் படங்கள்

சனிக்கிழமை

அக்கா சுவிஸ்: (படம்) (படம்) (படம்)

அக்கா சுவிஸ்: மாமா, இந்த மூன்று படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே வெளிதான், மூன்று பக்கத்தால் எடுத்தது. இது உங்கள் காணி என்றால் முதலில் எதைக் கவனிப்பீர்கள் என்று சொல்லுங்கள். அவசரமில்லை, தண்ணீர் கட்டிவிட்டு வந்து பார்த்தாலும் சரி.

அம்மா: இது எங்கே பிள்ளை? சப்பாத்து முழுக்கச் சேறாக இருக்கிறது. பறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புல்லுக்குள் நிற்கிறாய்.

அக்கா சுவிஸ்: கோம்ஸ் பள்ளத்தாக்கு அம்மா, றோன் ஆறு தொடங்குகிற பக்கம். ஃபுர்கா, கிறிம்சல் என்று இரண்டு கணவாயும் இதற்கு மேலேதான் இருக்கின்றன. கோடையில் எங்கள் கிளைடர் கிளப் ஆட்கள் இந்த வழியால் பறப்பார்கள். அதற்கு முதல், காற்றுக் கைவிட்டால் இறங்கக்கூடிய வெளிகளை ஆட்கள் பிரித்து நடந்து பார்க்கிறோம். இந்தப் பக்கத்தை எனக்குத் தந்திருக்கிறார்கள்.

மாமி: இறங்குவதற்கு அங்கே விமான நிலையம் ஒன்றும் இல்லையா?

அக்கா சுவிஸ்: மூன்ஸ்டர் என்ற ஊரில் ஓடுபாதை இருக்கிறது மாமி. அது கிட்ட இருக்கும்போது பிரச்சினை இல்லை. ஆனால் கிளைடரில் இயந்திரம் இல்லையே, மேலே எழும்பும் காற்றைத் தேடித் தேடித்தான் போகிறோம். ஓடுபாதைக்கு எட்டாத இடத்தில் அந்தக் காற்று நின்றுவிட்டால் ஒரு வயலோ புல்வெளியோதான் கதி. அது வழக்கமான விசயம், விபத்து என்று எண்ண வேண்டாம். எந்த வெளி என்று முன்கூட்டியே தெரியாமல் போனால்தான் விபத்து.

மச்சான்: மச்சாள், கிளைடர் 40க்கு 1 என்ற விகிதத்தில் இறங்கும் என்று போன முறை சொன்னீர்கள். 1000 மீற்றர் உயரத்தில் இருந்தால் 40 கிலோமீற்றர் போகலாம் என்றால் வட்டக்கச்சியிலிருந்து மாங்குளம் தாண்டலாமே. அந்தத் தூரத்துக்குள் ஏதோவொரு விமான நிலையம் வந்துவிடாதா?

அக்கா சுவிஸ்: அது அசையாத காற்றில், தாளில் போடும் கணக்கு. மலைக்குள் ஒரு சரிவில் காற்று ஏறினால் மறு சரிவில் இறங்கும், எதிர்க்காற்றும் இருக்கும், அதனால் பாதியாக்கி 20க்கு 1 என்றுதான் பார்ப்போம். அதற்கு மேல், வெளியின் தலைக்கு மேலே வந்து சேரும்போது 300 மீற்றராவது கையில் மிஞ்ச வேண்டும், ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து இறங்குவதற்கு. இப்போது வெளி 1300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நீ 10 கிலோமீற்றர் தள்ளி நிற்கிறாய் என்று வை. போவதற்கு 500, கையிருப்பு 300, வெளியின் உயரம் 1300. மொத்தம் 2100. உயரமானி 2100 காட்டுவதற்கு முதலே அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இடையில் 2200 மீற்றரில் ஒரு மலைமுதுகு குறுக்கே நின்றால் இந்தக் கணக்கே செல்லாது. தட்டை நிலத்தில் தூரம் மட்டும் பார்த்தால் போதும், இங்கே நடுவில் என்ன நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அம்மா: வானத்தில் சத்தம் கேட்டால் நான் இன்னமும் முதலில் பங்கர் இருந்த பக்கம்தான் பார்க்கிறேன். கிபிர்க் குண்டு விமானம் வந்து போன ஊர் இது. நீ அதற்குள் இருந்து கணக்குப் பார்க்கிறாய் என்று வாசிக்கவே நெஞ்சு அடிக்கிறது.

அக்கா சுவிஸ்: தெரியும் அம்மா. அதனால்தான் நடந்து பார்க்கிற படத்தை உங்களுக்கு அனுப்பினேன். இது சத்தமே போடாது, உள்ளே காற்று உரசுகிற இரைச்சல் மட்டும்தான். நான் எங்கே இறங்குவேன் என்பது ஏறுவதற்கு முதலே எனக்குத் தெரிந்திருக்கும்.

சித்தப்பா: இந்த இடங்களை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்? வரைபடத்திலா, புத்தகத்திலா?

அக்கா சுவிஸ்: இரண்டும் உண்டு சித்தப்பா. பிரெஞ்சு கிளைடர் சம்மேளனம் ஆல்ப்ஸ் வெளிகளுக்கென்று படங்களோடு ஒரு கையேடு வெளியிடுகிறது. கிளப்புகளிடம் சொந்தக் கோப்புகள் இருக்கும். கோப்பு என்றால் வெறும் எழுத்துத்தான், ஒரு வரிக்கு ஒரு வழிப்புள்ளி. பெயர், அகலாங்கு, நெட்டாங்கு, கடல்மட்டத்திலிருந்து உயரம், என்ன வகை, எந்தத் திசையில் எவ்வளவு நீளம், கடைசியில் குறிப்பு. வகைக்கு ஒரு இலக்கம் போடுவார்கள், இறங்கக்கூடிய வெளி என்றால் 3, கணவாய் 6, மலையுச்சி 7, அணைக்கட்டு 12 என்று. அதை விமானத்துக்குள் இருக்கும் கருவியில் ஏற்றிவிட்டால் எட்டக்கூடிய இடங்களைக் காட்டும். எக்ஸ்சி சோர் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது, எட்டும் இடங்களைப் பச்சையில் காட்டும்.

மச்சான்: அப்போது பச்சையைப் பார்த்து இறங்க வேண்டியதுதானே?

அக்கா சுவிஸ்: எட்டும் என்பதற்குத்தான் பச்சை. அங்கே இறங்கலாமா என்று அந்தச் செயலிக்குத் தெரியாது. வைகாசியில் வெறும் மண்ணாகக் கிடக்கிற காணியில் ஆவணியில் சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கும், அப்போதும் பச்சைதான் காட்டும்.

சித்தப்பா: கோப்பில் இந்த வெளியின் வரியை அப்படியே இங்கே போடு பிள்ளை. நீ நின்ற இடத்தில் ஜிபிஎஸ் என்ன காட்டியது என்பதையும் போடு.

அக்கா சுவிஸ்: இது ஒரு பழைய கோப்பில் இருப்பது: வடக்கு 46 பாகை 28.48 நிமிடம். வெளியின் நடுவில் நின்று என் போனில் பார்த்தது: 46 பாகை 28 நிமிடம் 48 வினாடி. நெட்டாங்கு இரண்டிலும் பொருந்துகிறது.

சித்தப்பா: அகலாங்கு பொருந்தாது. வினாடி 60க்குக் கணக்கு, தசமம் 100க்குக் கணக்கு. 48 வினாடி என்றால் 0.8 நிமிடம், அப்படியென்றால் கோப்பில் 28.80 என்று இருக்க வேண்டும். யாரோ வினாடியைப் புள்ளிக்குப் பின்னால் அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். வித்தியாசம் 0.32 நிமிடம், அகலாங்கில் ஒரு நிமிடம் 1852 மீற்றர், ஆகவே ஏறக்குறைய 590 மீற்றர் தெற்கே தள்ளிப் போகிறது. நில அளவையில் இருந்த காலத்தில் இதே பிசகை எத்தனை தாள்களில் திருத்தியிருப்பேன். உன் வெளிக்குத் தெற்கே 590 மீற்றரில் என்ன இருக்கிறது?

அக்கா சுவிஸ்: ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காடு.

நான்: கடவுளே.

அக்கா சுவிஸ்: சித்தப்பா, மிகவும் நன்றி. இன்றைக்கே கிளப்புக்கு எழுதுகிறேன். அந்தக் கோப்பில் ஒரு வரி அப்படி இருந்தால் மற்ற வரிகளையும் பார்க்க வேண்டும். தாழப் பறந்துகொண்டு, அம்பு காட்டுகிற பக்கம் போய், அங்கே மரத்தைக் கண்டால் திரும்ப உயரம் இருக்காது.

சித்தப்பா: எல்லா வரியிலும் புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் இரண்டு இலக்கத்தைப் பார். பெரிய கோப்பில் ஓரிடத்திலாவது 60க்கு மேல் வராமல் இருக்காது. எங்கேயும் 60ஐத் தாண்டவில்லை என்றால் முழுக் கோப்பும் வினாடியில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மச்சான்: கோப்பை எனக்கு அனுப்புங்கள் மச்சாள், எக்செல்லில் போட்டுப் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்கிறேன்.

மாலை 6.40

மாமா: இப்போதுதான் வயலால் வந்தேன். படங்களைப் பார்த்தேன். முதலாவது படத்தில் வலது மூலையில் ஒரு மின்கம்பம் தெரிகிறது. மற்றக் கம்பம் எங்கே? ஒரு கம்பம் தனியாக நிற்காது, கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று படத்தில் இல்லை. அதை நீ கண்டுபிடிக்காமல் அந்த வெளியை எழுதாதே. இரண்டாவது படத்தில் நடுவில் ஒரு பட்டை கரும்பச்சையாக இருக்கிறது பார், அங்கே தண்ணீர் நிற்கிறது அல்லது கீழே ஊற்று இருக்கிறது. புல் அப்படிக் கறுப்பது சும்மா இல்லை. உன் சப்பாத்தில் சேறு பட்டதும் அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். சில்லு அதற்குள் போனால் புதைந்து மூக்குக் குத்தும். மூன்றாவது படத்தில் ரயர் அடி இரண்டு வரியாகப் போகிறது, மாரியில் ரக்ரர் இறக்கிக் காய்ந்த தடம், ஒரு சாண் ஆழமாவது இருக்கும். நீளப்பாட்டுக்கு இறங்கினால் தப்பலாம், குறுக்கே ஓடினால் உடைக்கும்.

அக்கா சுவிஸ்: சேறு பட்டது அங்கேதான் மாமா. நான் அதைப் பனி உருகிய ஈரம் என்று குறித்து வைத்திருந்தேன், அயலில் ஒருவரைக் கேட்டால் நிரந்தர ஊற்றா என்று தெரிந்துவிடும்.

மாமா: காணி ஒருவருடையதா, பலருடையதா?

அக்கா சுவிஸ்: பலருடையது. இங்கே பரம்பரை பரம்பரையாகப் பிரித்துப் பிரித்து ஒடுங்கிய துண்டுகளாக இருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் ஒரே வெளி மாதிரித்தான் தெரியும்.

மாமா: அப்படியென்றால் கவனம். ஒருவன் புல்லை முதலே வெட்டுவான், மற்றவன் இரண்டு கிழமை கழித்து வெட்டுவான், இன்னொருவன் மாடு விட்டு வேலி போடுவான். நீ இன்றைக்குப் பார்த்த நீளம் ஆடியில் பாதியாக இருக்கும். மாட்டு வேலிக்கு அங்கே என்ன கம்பி?

அக்கா சுவிஸ்: மெல்லிய வெள்ளைப் பட்டி, மின்சாரம் ஓடும். நம் யானை வேலியை விடவும் மெல்லியது. 100 மீற்றர் உயரத்தில் இருந்தே தெரியாது.

மாமா: வேலியைத் தேடாதே, மாட்டைத் தேடு. மாடு நிற்கிற பக்கத்துக்கும் நிற்காத பக்கத்துக்கும் நடுவில் வேலி இருக்கும்.

அக்கா சுவிஸ்: இதை அப்படியே எழுதி வைக்கிறேன் மாமா. கம்பிக்கும் இதே மாதிரித்தான் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள், கம்பியைப் பார்க்காதே கம்பத்தைப் பார் என்று. மலையில் மரம், வைக்கோல் இறக்குவதற்குப் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே தனிக் கம்பி கட்டியிருப்பார்கள், அதற்குக் கம்பமும் கிட்டக் கிட்ட இராது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

மச்சான்: வன்னியென்றால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை, மாசி பங்குனியில் அரிவு வெட்டு முடிந்தால் எங்கேயும் இறங்கலாம்.

மாமா: இறங்கிப் பார். ஒட்டு வயல் தூரத்தில் மைதானம் மாதிரித் தெரியும், பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு வரம்பு இல்லாவிட்டாலும் காணிக்குக் காணி வரம்பு இருக்கும். சில்லு வரம்பில் அடித்தால் தெரியும்.

மச்சான்: சரி அப்பா.

நான்: அக்கா, சரிவு எப்படி? படத்தில் தட்டையாகத்தான் தெரிகிறது.

அக்கா சுவிஸ்: நேர் மேலே இருந்து பார்த்தால் சரிவு தெரியவே தெரியாது, பக்கத்தால் போகும்போதுதான் தெரியும். மேலே இருந்தே சரிவென்று தெரிந்தால் அது செங்குத்து என்று எடுக்க வேண்டும். இங்கே நல்ல சரிவென்றால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஏற்றத்தைப் பார்த்துத்தான் இறங்குவோம், இறக்கத்தில் இறங்கினால் அது நிற்காது. காற்றும் பள்ளத்தாக்குக்குள் தன் பாட்டுக்கு அடிக்கும். வெயில் நாளில் பின்னேரம் பொதுவாகப் பள்ளத்தாக்கின் மேல் முனையை நோக்கி அடிக்கும். எங்கடைன் என்ற பள்ளத்தாக்கில் தலைகீழ், மலோயாக் காற்று என்று மேலிருந்து கீழே வரும். அங்கே சமேடன் விமான நிலையம் 1707 மீற்றரில் இருக்கிறது, காற்று அடர்த்தி குறைவு, அதனால் வேகமானி 90 காட்டும்போது உண்மையில் 98 கிலோமீற்றர் வேகத்தில் போவாய். உருளுகிற தூரமும் அதற்கேற்பக் கூடும். கோப்பில் உயரம் பிழையாக இருந்தால் இதெல்லாம் பிழைக்கும்.

மாமி: இறங்கினால் காணிக்காரர் ஏசமாட்டார்களா?

அக்கா சுவிஸ்: இறங்கியதும் முதல் வேலை அவரைத் தேடி மன்னிப்போடு சொல்வதுதான் மாமி. பயிர் மிதிபட்டால் காப்புறுதி கொடுக்கும். வேடிக்கை பார்க்க வருகிற ஆட்கள் உள்ளே வந்து மிதிக்காமல் பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. இறக்கையைக் கழற்றி நீளமான ரெயிலரில் ஏற்றிக்கொண்டு தெருவால் போவோம், அதனால் வெளிக்கு எந்த ஒழுங்கையால் வாகனம் வரலாம் என்றும் குறிப்பில் எழுத வேண்டும்.

சித்தப்பா: ஒன்று சொல்கிறேன். மீள்குடியேறி வந்த நேரம் எங்கள் சொந்தக் காணிக்குள்ளேயே காலை வைக்க முடியாமல் நின்றோம். மண்டையோட்டுப் பலகை எடுத்த பிறகும், மிதிவெடி அகற்றினவர்கள் எதுவரை பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள் என்று கேட்டுத்தான் மாட்டை விட்டோம். துப்புரவு செய்த காணி என்று வாயால் சொன்னால் போதவில்லை. உன் கோப்பில் திகதி இருக்கிறதா?

அக்கா சுவிஸ்: இல்லை சித்தப்பா. அதற்கென்று நிரல் கிடையாது.

சித்தப்பா: குறிப்பில் போடு. யார் நடந்தது, எந்தத் திகதி, என்ன பயிர்.

அக்கா சுவிஸ்: போடுகிறேன். குறிப்பின் முதல் எழுத்தே திகதியாக இருக்கும்படி எல்லோரையும் எழுதச் சொல்லி கிளப்பில் கேட்கப் போகிறேன். இரண்டு வருடம் யாரும் நடந்து பார்க்காத வெளி என்றால் அதை வகை 3 என்று வைத்திருக்கவே கூடாது, சாதாரண வழிப்புள்ளியாக மாற்ற வேண்டும், இலக்கம் 1. அப்போது கருவி அதைப் பச்சையில் காட்டாது. இறங்குகிற இடம் என்று யாரும் நம்பிப் போக மாட்டார்கள்.

மாமா: அது சரி.

மச்சான்: கோப்பைப் பார்த்துவிட்டேன். புள்ளிக்குப் பின்னால் 60க்கு மேல் வருகிற வரிகள் நிறைய இருக்கின்றன, அதனால் முழுக் கோப்பும் பிழையில்லை. ஆனால் ஒரே ஆள் சேர்த்தது மாதிரி, ஒரே விதக் குறிப்போடு ஒரு தொகுதி இருக்கிறது, அதில் எல்லாமே 60க்குள். மஞ்சள் அடித்து அனுப்புகிறேன். எல்லாம் கோம்ஸ் பக்கம்தான்.

அக்கா சுவிஸ்: அதைத்தான் நாளைக்கு நடக்கப் போகிறேன். மாமா, அடுத்த வெளியில் நின்று வீடியோ எடுக்கிறேன், நீங்கள் பார்த்துக்கொண்டே சொன்னால் நல்லது. உங்களுக்கு எத்தனை மணி சரி?

மாமா: நாளைக்கு எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை காலையில். பின்னேரம் நாலரைக்குப் பிறகு வீட்டில்தான்.

அக்கா சுவிஸ்: இங்கே அப்போது பகல் ஒரு மணி. நல்ல வெளிச்சம். எடுக்கிறேன்.

அம்மா: வேறு சப்பாத்துப் போட்டுக்கொண்டு போ. அந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்து எனக்கும் சொல்லு.