கோபோல் பேட்ச் ஜாப் சிபியுவைத் தின்கிறது, உதவி தேவை

காட்பாடிக்காரன்:
வணக்கம். மெயின்பிரேம் என்ற பெரிய கணினியில் ராத்திரி மொத்தமாக ஓடும் கோபோல் மொழி ஜாப். 8 லட்சம் இன்வாய்ஸ் ரெக்கார்டுகளைப் படித்து, ஒவ்வொன்றின் பொருள் எண்ணையும் 12,000 வரி டேபிளில் தேடி விலை போடும். விடை சரியாகத்தான் வருகிறது. சிபியு நேரம் (செயலி உண்மையில் வேலை செய்யும் நேரம்) மட்டும் 40 நிமிடத்தைத் தாண்டுகிறது. ஃபைல் பிளாக் சைஸ் (ஒரே தடவையில் படிக்கும் அளவு) பார்த்தேன், ஒழுங்காக இருக்கிறது. எனக்கு முன்னால் யாரோ எழுதிய புரோகிராம். எங்கே கை வைப்பது?

ராணிப்பேட்டை பழசு:
தம்பி, ஃபைலுக்குக் காத்திருந்தால் கடிகார நேரம்தான் பெரும்பாலும் கூடும். சிபியு இப்படி ஏறினால் திரும்பத் திரும்ப ஓடும் லூப்தான். தேடும் பகுதி எப்படி இருக்கிறது?

காட்பாடிக்காரன்:
பெர்ஃபார்ம் வேரியிங் லூப், ஒன்றிலிருந்து வரிசையாக. சப்ஸ்கிரிப்ட், அதாவது எத்தனையாவது வரி என்ற எண், வெறும் பிக் 9(5), ஐந்து இலக்கம். டேபிள் ஆக்கர்ஸ் 20,000 அண்ணா, அதாவது இடம் 20,000 வரிக்கு, நிரம்பியது 12,000.

ராணிப்பேட்டை பழசு:
அதானே பார்த்தேன். ஒரு ரெக்கார்டுக்குச் சராசரியாக 6,000 ஒப்பீடு என்றால் மொத்தம் 480 கோடி. அதற்கு மேல், வெறும் பிக் 9(5) என்றால் டிஸ்ப்ளே, எண்ணை எழுத்துகளாக வைக்கும் வடிவம். டேபிளைத் தொடும்போதெல்லாம் அந்த எண்ணை பேக் செய்து (சுருக்கி), பைனரியாக்கி, அப்புறம்தான் முகவரி கணக்குப் போடும். இண்டெக்ஸ்டு பை கொடுத்து, வரியின் இடத்தை நேரடியாக வைத்துக்கொண்டால் இந்தக் கூத்தே இல்லை. டேபிள் பொருள் எண் வரிசையில் இருந்தால் அசெண்டிங் கீ (ஏறுவரிசை என்ற அறிவிப்பு) சேர்த்து, பாதி பாதியாக வெட்டித் தேடும் சர்ச் ஆல் போடுங்கள். 15 ஒப்பீட்டுக்குள் முடியும்.

ஆம்பூர் பிரியாணி:
கம்பைலில் எஸ்எஸ்ரேஞ்ச் (சப்ஸ்கிரிப்ட் எல்லை தாண்டுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கும் சோதனை) இருக்கிறதா என்றும் பாருங்கள். டெஸ்டுக்குப் போட்டதை எடுக்க மறப்பது நம்ம ஊர்ப் பழக்கம்.

காட்பாடிக்காரன்:
இருந்தது, எடுத்துவிட்டேன்! ஆனால் சர்ச் ஆல் போட்டதும் புதுத் தலைவலி. பட்டியலின் கடைசிப் பொருள்கள் மட்டும் 'இல்லை' என்று வருகிறது. வரிசையெல்லாம் சரிதான்.

ராணிப்பேட்டை பழசு:
நிரப்பாத 8,000 வரிகளில் ஸ்பேஸ் (வெற்றெழுத்து) இருக்கிறதா? சர்ச் ஆல் முதலில் 10,000-வது வரியைப் பார்க்கும், அடுத்து 15,000 பக்கம் தாவும். அங்கே ஸ்பேஸ் எந்த எண்ணைவிடவும் சிறியது, அதனால் இன்னும் மேலே போய்த் தொலையும். 10,000-க்கு அப்புறம் இருப்பவை கிடைக்கவே கிடைக்காது. ஆக்கர்ஸ் டிபெண்டிங் ஆன் போட்டு, ஏற்றிய எண்ணிக்கையைக் கொடுங்கள். இல்லாவிட்டால் மிச்ச வரிகளில் ஹை வேல்யூஸ் (எதையும்விடப் பெரிய மதிப்பு).

காட்பாடிக்காரன்:
டிபெண்டிங் ஆன் போட்டாச்சு. பழைய அவுட்புட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன், ஒன்றுகூட மாறவில்லை. சிபியு 2 நிமிடத்துக்குள். காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸில் தூங்கிக்கொண்டே போகலாம். நன்றி அண்ணா.