ஏஆர்ஆர்எல்லின் 2024: சந்தா கட்டியவர்களும் கட்டாதவர்களும்

கம்பிக்காரன், டல்லாஸ்

அமெரிக்காவின் தேசிய ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) சங்கமான ஏஆர்ஆர்எல்லிடமிருந்து, சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மறுபடி கடிதம் வந்திருக்கிறது. ஆண்டுக்கு 59 டாலர். 2024 ஜனவரிக்கு முன்பு 49தான். அப்போது சங்கத்தின் கியூஎஸ்டி பத்திரிகையும் அச்சில் வீடு தேடி வந்துவிடும். இப்போது அச்சுப் பிரதி வேண்டுமென்றால் மேலே 25 டாலர் வைக்க வேண்டும். 1915 டிசம்பரிலிருந்து வருகிற பத்திரிகை. அதைக் கணினித் திரையில் படிக்க எனக்கு மனசு வரவில்லை, காசு கொடுக்கவும் மனசு வரவில்லை.

சங்கத்துக்கு 2024 எப்படிப் போனது என்று ஆண்டறிக்கை அதன் பாணியில் சொல்லும். நம் ஆட்களுக்கு எப்படிப் போனது? அதைத்தான் கேட்கிறேன். இங்கே உரிமம் எடுக்கக் குடியுரிமை வேண்டாம் என்பதால் ஹெச்1பியில் வந்த தமிழர்கள் நிறையப் பேர் கால்சைன் (வானொலியில் நம் அடையாளக் குறி) வைத்திருக்கிறோம். 35 கேள்வி, 26 சரியாக இருந்தால் முதல் நிலை உரிமமான டெக்னீஷியன். மோர்ஸ் (தந்திக் குறி) தேர்வு 2007லேயே போய்விட்டது.

என் கதையை முதலில் சொல்கிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கம் வெளியே ஒரு கம்பியைக்கூடக் கட்டவிடாது. பரணில் உத்தரத்தோடு உத்தரமாக ஒரு டைபோலை (கம்பி ஆண்டெனா) இழுத்துக் கட்டி, எஃப்டி8 என்ற கணினி வழி முறையில் உலகத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறேன். மே 10 வெள்ளிக்கிழமை சூரியப் புயல் அடித்தது ஞாபகம் இருக்கும், 2003க்குப் பிறகு வந்த முதல் ஜி5, அதாவது உச்ச நிலைப் புயல். டெக்சஸிலேயே வானம் சிவந்தது. ஊரே வெளியே நின்று போட்டோ எடுக்க, நான் உள்ளே உட்கார்ந்து வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஷார்ட்வேவ் மொத்தமும் செத்துக் கிடந்தது.

சில நாளில் பேண்ட் (அலைவரிசை) மறுபடி திறந்தது. பேசியதையெல்லாம் சங்கத்தின் இணையப் பதிவேடான லாக்புக் ஆஃப் த வேர்ல்டில் ஏற்றலாம் என்று போனால் அது திறக்கவில்லை. 'அதுவும் சூரியனின் வேலைதான்' என்று கிளப்பில் ஒருவர் சொன்னபோது சிரித்தோம். சூரியன் இல்லை, மனிதர்கள்தான். மே 15 காலையில்தான் சங்கத்தின் கணினிகள் மீதான தாக்குதல் தெரியவந்தது. மேசைக் கணினியிலிருந்து சர்வர் வரை பூட்டிவிட்டுப் பணம் கேட்டிருக்கிறார்கள்.

புதியவர்களுக்காக: நான் ஒருவரோடு பேசியதாக லாக் ஏற்றுவேன், அவரும் ஏற்றுவார், இரண்டும் பொருந்தினால் அந்தத் தொடர்பு உறுதி. டிஎக்ஸ்சிசி விருதுக்கு 340 'நாடுகள்' பட்டியலில் குறைந்தது 100 இப்படி உறுதியாக வேண்டும். 2003லிருந்து உலகம் முழுக்க ஹாம்கள் இதை நம்பியிருக்கிறார்கள். லாக்குகளுக்குச் சேதமில்லை, முன்னெச்சரிக்கையாகத்தான் மூடினோம் என்றார்கள். ஜூலை 1 அன்று திறந்தது. ஆகஸ்டில்தான் முழு விவரம் வந்தது: பேரம் பேசி 10 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பகுதி காப்பீட்டில் கழிந்ததாம். சந்தாவை ஏற்றிய அதே ஆண்டில் இப்படி ஒரு செய்தி வந்தால் உறுப்பினர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கதை என்ன?

73 (ஹாம்களின் மொழியில் 'வாழ்த்துகள்')

---

கொலம்பஸ் வாத்தியார்

அந்த வாரம் நான் ஒஹாயோவின் சீனியாவில் இருந்தேன். ஹாம்களின் ஆண்டுத் திருவிழாவான ஹாம்வென்ஷன் மே 17 வெள்ளிக்கிழமை தொடங்கியது. தாக்குதல் தெரிந்து இரண்டே நாள். அரங்குக்குள் ஒரே பேச்சு அதுதான். எனக்குப் பிடித்தது வெளியே இருக்கும் பழைய சாமான் சந்தை. கார் டிக்கியைத் திறந்துவைத்து வால்வு, மீட்டர், யாருக்கும் வேண்டாத பவர் சப்ளை என்று விற்பார்கள்.

ஒரு கிழவர் காலணிப் பெட்டிகளில் கியூஎஸ்எல் கார்டுகளை (பேசியதை உறுதிசெய்து ஹாம்கள் அனுப்பும் தபால் அட்டை) போட்டுவைத்திருந்தார். அவருடையது இல்லை. சைலண்ட் கீ ஆகிவிட்ட, அதாவது இறந்துபோன நண்பருடையதாம், அந்த வீட்டம்மா காலி செய்யச் சொல்லிக் கொடுத்தாராம். எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன். 'மெட்ராஸ்?' என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று பெட்டியைப் புரட்டினார். விக்டர் யூனிஃபார்ம் 2, அதாவது இந்தியக் கால்சைன் கொண்ட கார்டுகள் தனிக் கட்டாகவே இருந்தன. ஒன்றை எடுத்து நீட்டினார். மலிவான அட்டை, ரப்பர் ஸ்டாம்பில் கால்சைன், நீல மையில் தேதி, நேரம், சிக்னல் தரத்துக்கு 579. அவசரத்தில் எழுதிய கையெழுத்து இல்லை. கோடு போட்டு நிதானமாக எழுதியிருந்தார் அந்த மனிதர். தபால்தலையை மட்டும் யாரோ நனைத்து உரித்துவிட்டிருந்தார்கள்.

'இதை எவனும் ஹேக் பண்ண முடியாது' என்றார் கிழவர். அந்த வாரம் அந்த மைதானத்தில் இந்த வசனத்தைச் சொல்லாத கிழவரே இல்லை. ஆனால் அவரே அடுத்த நிமிடம், தனக்கு லாக்புக்கில் எத்தனை உறுதியாகியிருக்கிறது, இன்னும் எது பாக்கி என்று புலம்ப ஆரம்பித்துவிட்டார். கார்டுக்கு இப்போது தபால் செலவு எங்கேயோ போய்விட்டது. பதில் தபாலுக்கும் சேர்த்து டாலர் நோட்டை உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். பாதி வழியில் காணாமல் போகும்.

ஒரு டாலருக்கு அந்த மெட்ராஸ் கார்டை வாங்கிவந்தேன். கம்பிக்காரரே, சந்தா 59 எனக்கும் உறுத்துகிறது. ஆனால் நீங்கள் சொல்கிற லாக்புக், உறுப்பினர் அல்லாதவருக்கும் இலவசம். அதை யார் நடத்துவது?

---

சியாட்டில் சந்தா கட்டாதவன்

நான்தான் அந்த உறுப்பினர் அல்லாதவன். அமெரிக்காவில் ஏழரை லட்சம் பேர் போல உரிமம் வைத்திருக்கிறார்கள். அதில் சங்கத்தில் இருப்பது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். மீதிப் பேர் எல்லாம் முட்டாள்களா? கையில் ஒரு சின்ன ரேடியோ, அதன் சிக்னலை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் ஊர் ரிப்பீட்டர், எல்லோரும் முறை வைத்துப் பேசும் மாலை நெட். இதற்கு கனெக்டிகட்டில் ஒரு தலைமையகம் எதற்கு? எங்கள் ஊர் ரிப்பீட்டரை ஓட்டுவது எங்கள் கிளப். பேட்டரி வாங்கியது எங்கள் உண்டியல். கோபுரத்தில் ஏறியது எங்கள் ஆள். ஆண்டறிக்கையில் அதெல்லாம் வராது.

---

சார்லட் மாமி

சியாட்டில் தம்பி சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை நான் காதால் கேட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 27 வெள்ளிக்கிழமை ஹெலீன் புயல் எங்கள் வட கரோலினா மாநிலத்தின் மேற்கு மலைகளைப் புரட்டிப் போட்டது. முந்தைய இரவு ஃபுளோரிடாவில் கரையேறிய புயல். மலையில் இவ்வளவு செய்யும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? ஆஷ்வில் பக்கம் கரண்ட் இல்லை, செல்போன் இல்லை, ஐ-40 நெடுஞ்சாலையின் ஒரு பகுதி ஆற்றோடு போய்விட்டது. மவுன்ட் மிட்செல் உச்சியில் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதைவிட உயரமான சிகரம் கிடையாது, 6,684 அடி. அது மட்டும் நிற்காமல் ஓடியது. எங்கள் பால்கனி ஆண்டெனாவில் மெல்லிய கரகரப்போடு கேட்டது.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நேரத்தில் பேசாமல் இருப்பதுதான் உதவி. சமையலறை மேசையில் நோட்டை வைத்துக்கொண்டு கேட்டேன். நெட் கண்ட்ரோலில் (நெட்டை ஒழுங்குபடுத்தும் இடம்) இருந்தவருக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. 'பேட்டரி குறைவாக இருப்பவர்கள் முதலில்' என்பார். ஒரு கால்சைன் வரும். இன்ன சாலை, இன்ன எண், இரண்டு பெரியவர்கள், தண்ணீர் இருக்கிறது, இன்சுலின் நாளை வரைக்கும்தான். அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார், சாலைப் பெயரை எழுத்து எழுத்தாக. 'சரி' என்று ஒரு சொல். அடுத்தவர். அழுகை கேட்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை. இடையில் வேறு மாநிலத்திலிருந்து ஒருவர் தன் அக்கா வீட்டைப் பற்றிக் கேட்க நுழைந்தார். அதட்டாமல், எந்த நேரத்தில் விசாரிப்புகளை எடுப்போம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார் நெட் கண்ட்ரோல்.

உரிமமே இல்லாதவர்கள்கூட எங்கிருந்தோ ஒரு சீன ரேடியோவை வாங்கிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தேர்வு நடத்தும் தன்னார்வலர்களில் ஒருத்தி. அதற்குப் பிறகு எங்கள் தேர்வுக்கு வந்தவர்களில் மலைப்பக்கத்தில் உறவுக்காரர்கள் இருந்தவர்கள் அதிகம். பதின்ம வயதுப் பையன்கள் குறைந்து, அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது.

தம்பி, அந்த ரிப்பீட்டரை ஓட்டியது சங்கத்தின் தலைமையகம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேரிடரில் குரலை மட்டும் நம்பினால் ஆகாது; நீளமான மருந்துப் பட்டியலை ஷார்ட்வேவில் மின்னஞ்சலாக அனுப்ப வின்லிங்க் என்ற ஏற்பாடு வேண்டும். அதில் 300 பாட் (தரவு அனுப்பும் வேக அளவு) வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு பழைய விதி தடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுக்கச் சொல்லி, வானொலி அலைகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்சிசியிடம் சங்கம் மனுப் போட்டது 2013ல். விதி போனது 2023 நவம்பரில். பத்து வருடம் ஒரு அரசு அலுவலகத்தின் வாசலில் நிற்க உங்கள் கிளப் உண்டியலால் முடியுமா? இரண்டு புயல்களுக்கு இடையில் இப்படி விலகும் விதிகளைப் பற்றி டிவியில் சொல்லமாட்டார்கள்.

அப்புறம், டல்லாஸ் தம்பியின் பரண் ஆண்டெனா. குடியிருப்புச் சங்கங்களின் தடையை நீக்கக் காங்கிரஸில் மசோதா மேல் மசோதா போட்டும் 2024லும் நடக்கவில்லை. அது தோல்விதான். அறிக்கையில் அதையும் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் கருத்து.

---

அடையாறு ஓஎம், சென்னை

அமெரிக்கச் சங்கத்தைப் பற்றிய பேச்சில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் அந்த லாக்புக்கைத்தான் நம்பியிருக்கிறேன். 20 மீட்டர் அலைவரிசையில் பேசிப் பேசிச் சேர்த்ததெல்லாம் ஜூன் மாதம் முழுக்கக் கணினியிலேயே கிடந்தது. உலகத்து ஹாம்களின் கணக்குப்பிள்ளை வேலையை ஒரே ஒரு நாட்டின் சங்கம் பார்க்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு அதன் வாரியத் தேர்தலில் ஓட்டு கிடையாது, சந்தா ஏற்றத்தில் பங்கும் கிடையாது. குறை சொல்லவும் கூச்சமாக இருந்தது.

இந்தியாவின் ஹாம் சங்கம் ஏஆர்எஸ்ஐ, 1948ல் மத்தியப் பிரதேசத்தின் மோவ் நகரில் தொடங்கியது. சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் பெரிய மாளிகையெல்லாம் இல்லை; கார்டு பிரிப்பதிலிருந்து சர்வதேசக் கூட்டத்துக்குப் போவது வரை உறுப்பினர்களின் சொந்த நேரம். இங்கே உரிமம் வாங்குவதற்குள் அரசுத் தேர்வு, போலீஸ் விசாரணை என்று பொறுமை பழகிவிடும். மேல்நிலை உரிமமான ஜெனரல் கிரேடுக்கு மோர்ஸ் இன்னும் உண்டு, நிமிடத்துக்கு 8 சொல்.

சார்லட் அம்மா எழுதியதைப் படித்தபோது 2004 நினைவு வந்தது. அந்தமானில் ஹாம் ரேடியோவுக்குப் பல ஆண்டுகளாக அனுமதி கிடைக்காமல் இருந்து, கடைசியில் கிடைத்து, இந்திய ஹாம் பாரதி பிரசாத்தின் குழு போர்ட் பிளேரில் விக்டர் யூனிஃபார்ம் 4 கால்சைனில் இறங்கியிருந்தது. உலகமே அவர்களோடு பேச வரிசையில் நின்றது. டிசம்பர் 26 காலை நிலம் ஆடியது. விருதுக்காகக் கொண்டுபோன ரிக் (வானொலிக் கருவி) அப்படியே செய்தி அனுப்பும் ரிக் ஆனது. எந்தச் சங்கத்தின் ஆண்டுத் திட்டத்திலும் இல்லாத வேலை அது.

---

சியாட்டில் சந்தா கட்டாதவன்

மாமி, 300 பாட் விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குச் சங்கத்தின் விளம்பரப் பிரிவையும் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். கப்பம் கட்டிய செய்தி என் காதுவரை வந்தது, இது வரவில்லை பாருங்கள். இருந்தாலும் 59 கட்டுவேன் என்று சொல்லவில்லை. அந்தக் காசில் முதலில் எங்கள் ரிப்பீட்டருக்கு ஒரு லித்தியம் பேட்டரிக்குப் பங்கு போடுகிறேன்.

---

கம்பிக்காரன், டல்லாஸ்

அடையாறு சார், உங்கள் லாக் வந்து சேர்ந்துவிட்டது. நம் இருவர் க்யூஎஸ்ஓவும் (வானொலித் தொடர்பு) பொருந்தியிருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன்.

சந்தாவைக் கட்டிவிட்டேன். அச்சுப் பிரதி வேண்டாம் என்று டிக் அடித்தேன். வாத்தியார் கிளப்புக்குக் கொண்டுவரும் பழைய இதழ்களை யாராவது ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்று கேட்டால் திட்டுவார், அதனால் கேட்கவில்லை. மாமி, பரண் டைபோலில் வின்லிங்க் போகுமா? 40 மீட்டரில் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் அளவு) 2க்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஏசி குழாய் பக்கத்தில் ஓடுகிறது, அதுதான் காரணமோ?

73