மேல் தொட்டிக்கு ஏறும் தண்ணீர்: மலையில் அரசு வேலை, கணக்கு மாறிய காலம் (அனுபவப் பகிர்வு)

பழைய கணக்குப்பிள்ளை

வணக்கம். நகராட்சி, பஸ் டெப்போ, ஆஸ்பத்திரி, ஆலை, எங்கே வேலை பார்த்தவராக இருந்தாலும் சரி, கணக்கு எழுதும் முறை மாறியபோது உங்கள் வேலை எப்படி மாறியது என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

நீலகிரியில் ஒரு நகராட்சியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். அப்போது ரொக்கக் கணக்குதான். காசு வந்தால் வரவு, போனால் செலவு. சாயங்காலம் ரொக்கப் புத்தகத்தைக் கூட்டி, கையிருப்போடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஊருக்கு எவ்வளவு சொத்து இருக்கிறது, எந்தப் பம்ப்செட் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது.

2000 வாக்கில் தமிழ்நாட்டு நகராட்சிகள், காசு கைமாறும் நாளைப் பாராமல் வருமானமும் செலவும் எழும்போதே பதியும் இரட்டைப் பதிவு முறைக்கு மாறின. வரிக்குக் கேட்பு (டிமாண்ட்) எழுந்த அன்றே அது வருமானம், வசூலாகாதது வரவேண்டிய பாக்கி. கரண்ட் பில் எந்த மாதத்துக்கோ அந்த மாதத்துச் செலவு, கட்டாவிட்டால் கடன். பம்ப் வாங்கிய பணத்தை ஒரே வருஷத்தில் செலவெழுதி மறந்துவிட முடியாது, வருஷா வருஷம் தேய்மானம் போட வேண்டும். வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. நாடு முழுவதற்குமான நகராட்சிக் கணக்குக் கையேடு 2004-இல்தான் வெளிவந்தது. நம் ஆட்கள் அதற்கு முன்பே இந்த வேலையில் இறங்கிவிட்டார்கள். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

சொத்தையும் கடனையும் காட்டும் முதல் இருப்புநிலைக் குறிப்பு எழுத, ஊர்ச் சொத்து முழுவதையும் எண்ணி எடுக்கச் சொன்னார்கள். ரோடும் வாய்க்காலும் கண்ணுக்குத் தெரியும், அளந்துவிடலாம். மண்ணுக்குள் கிடக்கும் பைப்பை எப்படி எண்ணுவது? எங்களிடம் வரைபடம் ஒன்று இருந்தது, பாதி மடிப்பிலேயே கிழிந்து போயிருந்தது. மிச்சமெல்லாம், குழாய் வேலை பார்க்கும் ஒரு பிட்டர் அண்ணன் தலைக்குள் இருந்தது. டேப்பும் நோட்டும் குடையுமாக அவர் பின்னாலேயே ஒரு மாதம் நடந்தேன். “இங்கே நாலு இஞ்சு, வெள்ளைக்காரன் போட்டது. அந்தப் படிக்கட்டுகிட்ட மூணு இஞ்சா குறையும்” என்பார். நான் எழுதுவேன். மஞ்சு இறங்கினால் முன்னால் போகிறவர் முதுகுகூடத் தெரியாது, குரலை வைத்துத்தான் நடப்பேன்.

அடுத்தது செலவைப் பிரிக்கும் வேலை. அதுவரை கரண்ட் பில் எல்லாம் மொத்தமாக ‘மின் கட்டணம்’ என்று ஒரே வரியில் கிடந்தது. அதைப் பம்ப் வீடு பம்ப் வீடாகப் பிரித்துப் போட்டோம். மலை ஊரில் தண்ணீர் தானாக வருவதில்லை. ஆயிரம் லிட்டரை நூறு மீட்டர் மேலே தூக்க, மின்சாரம் துளியும் வீணாகாத கணக்கில் 0.27 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்ப், மோட்டார் நட்டத்தைச் சேர்த்தால் கிட்டத்தட்ட அரை யூனிட். இரண்டு கட்டமாக இருநூறு மீட்டர் ஏறும் தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு ஒரு யூனிட். சமவெளி நகராட்சிக்காரர்களுக்கு இந்தக் கவலை இந்த அளவுக்கு இருக்காது.

பிரித்துப் பார்த்தால் மேல் தொட்டிக்கான செலவுதான் பூதமாக நின்றது. அந்தத் தொட்டியை நம்பி இருந்தவை கொஞ்சம் வீடுகள், பெரும்பாலும் எங்கள் தூய்மைப் பணியாளர்களின் லைன் வீடுகள். கூட்டத்தில் தாளைப் பார்த்த ஒரு மேலதிகாரி, “இத்தனை பேருக்கு இவ்வளவு செலவா? ஒருநாள் விட்டு ஒருநாள் போதும், குறைத்துவிடுங்கள்” என்றார். அந்தத் தாளைத் தயாரித்தவன் நான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பிட்டர் அண்ணனிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “ராத்திரி ஒரு மணிக்கு வாங்க” என்றார், அவ்வளவுதான். போனேன். ஊர் அடங்கிய நேரம், எல்லாக் குழாயும் மூடியிருந்தது. நீளமான வால்வுச் சாவியின் ஒரு முனையை வால்வில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டார். பிறகு என் காதில் வைத்தார். அரிசி களைவது போல ஒரு சத்தம், விடாமல் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது! நான் லைன் வீடுகளின் தலையில் எழுதிய செலவில் பெரும்பகுதி மண்ணுக்குள் போன தண்ணீருக்கானது.

திருத்திய தாளில் ‘கசிவு’ என்று தனிப் பத்தி போட்டேன். ஏற்றிய தண்ணீர், வீட்டுக்குச் சேர்ந்த தண்ணீர், இரண்டுக்கும் நடுவே காணாமல் போனது. அன்றிலிருந்து எந்தச் செலவை யார் பேரில் எழுதுகிறோம் என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் பாடப்பெயர் தெரியாது. செயல்வாரியாகச் செலவைப் பிரிக்கும் இந்த முறையை 1980-களில் கூப்பர், கப்லான் என்ற இரண்டு ஹார்வர்டு பேராசிரியர்கள் பரப்பினார்கள் என்பது, பின்னால் மகன் காஸ்ட் அக்கவுண்டன்சி படித்தபோதுதான் தெரிந்தது.

டெப்போக்காரன்

ஐயா, உங்கள் மேல் தொட்டி மாதிரிதான் எங்களுக்குக் கடைசி ஊர் பஸ்.

நான் மலையில் ஒரு கிளையில் கண்டக்டராக இருந்து, பிறகு அலுவலக வேலைக்கு வந்தவன். முன்பெல்லாம் மாலை வசூல் மொத்தம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. டிக்கெட் மிஷின் வந்த பிறகு ஒவ்வொரு டிரிப்புக்கும் கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தாள் தாளாக வர ஆரம்பித்தது. நல்லதுதான். ஆனால் முதலில் வந்த டீசல் இலக்கு சமவெளிக்குப் போட்டது. ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவே உள்ள கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறுகிற வண்டியும், கோவை போகும் சமரோட்டில் ஓடுகிற வண்டியும் ஒரே இலக்கைத் தொட வேண்டுமாம். நல்ல டிரைவர்கள் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னிடம், “தம்பி, இருபது வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓட்டறேன். டீசல் திருடன் மாதிரி நிக்க வச்சுட்டாங்க” என்று சொல்லிக் கண் கலங்கினார். அப்புறம் பாதைவாரியாகத் தனி இலக்கு வைக்கச் சொல்லி எழுதினோம். ஒரு வருஷம் ஆனது, ஆனால் வைத்தார்கள்.

கடைசி ஊர் பஸ் விஷயத்துக்கு வருகிறேன். இரவு அங்கேயே தங்கி, விடியற்காலை கிளம்பும் வண்டி. தாளில் பெரிய நட்டம், நிறுத்தலாம் என்று பேச்சு வந்தது. எங்கள் கிளை மேலாளர் அனுபவசாலி. அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: “நிறுத்தினால் எது மிச்சம்?” டிரைவர், கண்டக்டர் சம்பளம் எப்படியும் கொடுக்க வேண்டும். வண்டியின் தேய்மானமும் நிற்காது. டெப்போ செலவில் அந்த டிரிப்புக்குப் பங்கு போட்ட தொகை வேறு டிரிப் தலையில் ஏறும், அவ்வளவுதான். உண்மையில் மிச்சம் டீசலும் டயர் தேய்வும் மட்டுமே. டிக்கெட் வசூல் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

இன்னொன்றையும் அவர் பார்த்தார். அந்த ஊரிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் டவுனில் மேட்டுப்பாளையம், கோவை வண்டி மாறுகிறார்கள். அந்த டிக்கெட் காசு அந்தந்த ரூட்டின் லாபமாகப் போய்விடுகிறது. கொண்டுவந்து சேர்த்த பஸ் நட்ட பஸ் என்று பெயர் வாங்குகிறது. ஒரு வாரம் கண்டக்டர்களை விட்டு, “எங்கே போறீங்க?” என்று கேட்டுக் குறிக்கச் சொன்னார். பஸ் நிற்கவில்லை.

பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்தபோது மலைப் பாதைகளுக்கு இல்லை. 2024 பட்ஜெட்டில்தான் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கு நீட்டிப்பு அறிவித்தார்கள். காசு வாங்காவிட்டாலும் டிக்கெட் கிழித்துக் கொடுக்க வேண்டும், அரசு ஈடுகட்டுவதற்கு அந்த எண்ணிக்கைதான் ஆதாரம். கூட்ட நேரத்தில் கஷ்டம்தான். ஆனாலும் புதிதாகச் சேர்ந்த கண்டக்டர்களிடம் நான் சொல்வது, கொடுக்காத டிக்கெட் ஒவ்வொன்றும் அந்த ஊரில் ஆளே இல்லை என்று எழுதுவதற்குச் சமம் என்பதுதான்.

மேல்மலை ஊழியர்

அண்ணா, கடைசி வரி எங்களுக்கும் அப்படியே பொருந்தும். நான் கொடைக்கானல் மேல்மலையில் சுகாதாரத் துறையில் இருக்கிறேன். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் வந்தவர்களுக்கு எங்கள் தூரம் புரியும்.

சம்பளப் பட்டியல் கையால் எழுதி, கருவூலத்துக்குக் கொண்டுபோய் டோக்கன் வாங்கிக் காத்திருந்த காலத்தை நான் கடைசியாகப் பார்த்தேன். இப்போது எல்லாம் கணினியில். என் சம்பளச் சீட்டும் பிடித்தங்களும் என் போனிலேயே தெரிகின்றன. யாரிடமும் போய் நிற்க வேண்டாம். இது பெரிய விடுதலை. மார்ச் கடைசி வாரத்தில் மழை பெய்து நெட்வொர்க் போனால் மட்டும், டவர் கிடைக்கும் வளைவு வரை நடந்து போவோம்.

என் ஆதங்கம் வேறு. ஒரு முகாமுக்கு இவ்வளவு என்று தொகை வருகிறது. கீழே ஒரு ஜீப் காலையில் கிளம்பினால் மூன்று ஊர் முடிக்கலாம். இங்கே ஒரு ஊருக்கே பொழுது போய்விடும். அறிக்கையில் ‘ஒரு பயனாளிக்கு ஆன செலவு’ என்று பார்த்தால் நாங்கள் வீண் செலவு செய்கிறவர்கள் போலத் தெரியும். போன வருஷம் ஒரு கர்ப்பிணிக்காக மட்டும் போன நாள் உண்டு. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, அன்றே கீழே அனுப்பினோம், தாயும் பிள்ளையும் நலம். தாளில் அது ஒரு பயனாளி, ஒரு நாள் ஜீப். பழைய கணக்குப்பிள்ளை ஐயா ‘கசிவு’ என்று பத்தி போட்டது போல, எங்களுக்கு ‘தூரம்’ என்று ஒரு பத்தி இருந்தால் போதும்.

அருவங்காடு வாசி

அப்பா நீலகிரியில் அருவங்காடு வெடிமருந்து ஆலையில் இருந்தார், இப்போது தம்பி இருக்கிறான். 2021 அக்டோபர் 1-இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, 41 ஆலைகளும் 7 அரசு நிறுவனங்களாகப் பிரிந்தன. அருவங்காடு, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. அப்போது தம்பி போன்றவர்களை அரசு ஊழியர்களாகவே, அயற்பணியில் (டெபுடேஷன்) இருப்பதாகக் கணக்கில் வைத்தார்கள்.

அப்பா காலத்தில் உற்பத்திக்கு ‘வாரண்ட்’ என்ற வேலை உத்தரவு வரும். எத்தனை மணி நேர வேலை, எவ்வளவு சாமான் என்று மதிப்பீடு இருக்கும். ராணுவத்துக்கு அடக்க விலைக்கே கொடுப்பார்கள், லாபம் என்ற பேச்சில்லை. ஆக, அடக்க விலைக் கணக்கு எங்கள் வீட்டுக்குப் புதிது அல்ல. மாறியது என்னவென்றால், இப்போது ஆர்டர் பிடிக்க வேண்டும், லாப நட்டக் கணக்கு வெளியே போகும். தம்பி வீட்டுக்கு வந்தால் முதலில் பேசுவது லோடு, அதாவது ஆலைக்கு வந்திருக்கும் வேலையின் அளவு பற்றித்தான். லோடு குறைந்தால் ஆலையின் நிலையான செலவெல்லாம் கொஞ்ச உற்பத்தியின் மேல் விழுந்து அடக்க விலை ஏறுகிறது. விலை ஏறினால் ஆர்டர் இன்னும் குறையும். ஆள் சோம்பேறி ஆனதால் ஏறிய விலை அல்ல அது, இயந்திரம் சும்மா நின்றதன் விலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் காட்டினால் பழி தொழிலாளி மேல் விழும். அப்பா எழுபத்தெட்டு வயதில் இதைத் தாளில் போட்டு என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இலைக்கணக்கு

சின்னப் பகிர்வு. கூட்டுறவுத் தேயிலை ஆலை ஒன்றில் வேலை பார்த்தேன். சுமார் நாலு முதல் நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள். அந்த விகிதம், விறகு, கரண்ட், கூலி எல்லாம் அலுவலக அறைக்குள்ளேயே இருந்தன. ஒரு செயலர் வந்தார், மாதா மாதம் கிலோவுக்கு ஆன செலவை எழுதி இலை எடைபோடும் இடத்தில் ஒட்டினார். முதல் மாதம் சண்டை. இரண்டாம் மாதம் ஒரு அம்மா, “ஈர இலைக்கு விறகு ஜாஸ்தி ஆகுதா? அப்போ மழை நாளில் சாக்கை மூடிக் கொண்டாறோம்” என்றார். இந்தப் பேச்சு அறைக்குள் என்றைக்கும் வந்ததில்லை.

டெப்போக்காரன்

ஐயா, எல்லாம் சொன்னீர்கள். மேல் தொட்டி என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே?

பழைய கணக்குப்பிள்ளை

மன்னிக்கவும் தம்பி, மற்றவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டே இருந்துவிட்டேன். மேல்மலைத் தங்கை சொன்ன ‘தூரம்’ பத்தியை நானும் யோசித்திருக்க வேண்டும்.

மூன்று இடத்தில் கசிவு. இரண்டைப் பத்து நாளில் அடைத்தோம். மூன்றாவது, படிக்கட்டுக்கு அடியில் போகும் பழைய பைப், அதை மாற்ற நிதி வாங்க அடுத்த வருஷம் ஆனது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற உத்தரவு எழுத்தில் வரவேயில்லை. பிட்டர் அண்ணன் ஓய்வு பெறும் முன் அவரை உட்காரவைத்து முழு வரைபடமும் புதிதாக வரைந்தோம். அவர் இப்போது இல்லை.

போன மாதம் அங்கிருந்து ஒரு பெண் பேசினார், கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர். கசிவுப் பத்தியில் எண் திடீரென்று ஏறியிருக்கிறது, வரைபடத்தில் உள்ள இரண்டாவது வால்வு தரையில் கிடைக்கவில்லை, எங்கே இருக்கும் என்று கேட்டார். படிக்கட்டின் வலப்பக்கம், கற்பூர மரத்திலிருந்து நாலு எட்டு, மேலே மண் மூடியிருக்கும், தோண்டிப் பாருங்கள் என்றேன். சாயங்காலம் வால்வின் படத்தை அனுப்பினார்.