நடக்கும்போது கையில டம்பெல்: எத்தனை கிலோ, எப்படிப் பிடிக்கணும்?

பொருநைநடை:
பாளையங்கோட்டையில தினமும் காலைல 45 நிமிஷம், 4 கிலோமீட்டர் நடக்கேன். ஆறு மாசமா இதே கணக்குதான். இப்பல்லாம் மூச்சே வாங்க மாட்டேங்கு. மைதானத்துல சிலபேர் டம்பெல்லைக் கையில வச்சுக்கிட்டு நடக்காங்க. ஒண்ணு 2 கிலோ வீதம் ஒரு ஜோடி வாங்கலாமா? இல்ல, கணுக்கால்ல கட்டுத எடைப்பட்டை நல்லதா? வயசு 47, எடை 70 கிலோ. மூட்டுவலி கிடையாது. பிபிக்கு மாத்திரை சாப்பிடுதேன், கட்டுக்குள்ளதான் இருக்கு.

தசைநார்:
நடைக்கு 2 கிலோ வேண்டாம். ஒரு கைக்கு அரை கிலோவில் தொடங்குங்கள். எவ்வளவு பழகினாலும் ஒன்றரை கிலோவைத் தாண்டாதீர்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். நிமிடத்துக்கு 110 அடி வைத்தால் ஒவ்வொரு கையும் 55 முறை முன்னே போய்த் திரும்புகிறது. 45 நிமிடத்தில் ஏறக்குறைய 2,500 வீச்சு. ஒவ்வொரு வீச்சிலும் முன்னே ஒரு தரம், பின்னே ஒரு தரம் அந்த எடையை நிறுத்தித் திருப்ப வேண்டியது தோள்பட்டைத் தசைநார்கள். நின்ற இடத்தில் 2 கிலோவைப் பன்னிரண்டு முறை தூக்குவது வேறு, அதை 2,500 முறை வீசுவது வேறு. இரண்டு மூன்று வாரத்தில் தோள் முன்பக்கத்திலும் முழங்கைக்கு வெளியிலும் வலி பிடிக்கும்.

கணுக்கால் பட்டை நடைக்கு வேண்டவே வேண்டாம். காலின் கடைசி நுனியில் எடையைக் கட்டினால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலும் இடுப்பும் இழுபடும், நடையின் அமைப்பே மாறிவிடும். அந்தப் பட்டை, படுத்தும் உட்கார்ந்தும் காலைத் தூக்கிச் செய்யும் பயிற்சிக்கு உரியது.

பிபி இருப்பதால் இன்னொன்று முக்கியம். எதையும் இறுக்கிப் பிடித்தாலே ரத்த அழுத்தம் ஏறும். டம்பெல்லை முஷ்டி வெளுக்கப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நடப்பது உங்களுக்கு ஏற்றதல்ல. மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டையாக வாங்குங்கள், விரல்கள் தளர்வாக இருக்கும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை என்றால் நாடித்துடிப்பை வைத்துக் கடினத்தை அளக்க முடியாது, அந்த மருந்து துடிப்பை ஏறவிடாது. பேச்சை வைத்து அளங்கள்: நடந்துகொண்டே ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது.

மேலரதவீதி:
தசைநார் சொன்னது அத்தனையும் சரி. எப்படி வீசணும்னு நான் சொல்லுதேன் அண்ணாச்சி, ஏன்னா முக்கால்வாசிப் பேரு தப்பு பண்ணுத இடம் அதுதான். எடையைத் தொங்கவிட்டுக்கிட்டு, கடைக்குப் போயிட்டுப் பையோட வார மாதிரி நடப்பாங்க. கை வீச்சும் போயிரும், வேகமும் குறைஞ்சிரும். அதுக்கு வெறுங்கையோட விறுவிறுன்னு நடந்தாலே கூடப் பலன்.

முழங்கையை ‘ட’ மாதிரி மடக்குங்க. வீச்சு தோள்ல இருந்து வரணும், மணிக்கட்டு நேரா இருக்கணும். கை பின்னால போகும்போது இடுப்பெலும்பு வரைக்கும், முன்னால வரும்போது நெஞ்சு உயரம் வரைக்கும். அதுக்கு மேல தூக்காதீங்க. நெஞ்சுக்குக் குறுக்கயும் போகக்கூடாது, போனா உடம்பு முறுக்கிக்கிட்டு இடுப்பு வலிக்கும். தோள் காதுப் பக்கம் ஏறுதான்னு அப்பப்பப் பாத்துக்கிடுங்க. ஏறுச்சுன்னா எடை கூடிப்போச்சு, இல்ல கை அசந்துபோச்சு. பட்டையைக் கழட்டிருங்க.

முத வாரம் 10 நிமிஷம் வெறுங்கை, அடுத்த 10 நிமிஷம் எடையோட, மிச்சம் வெறுங்கை. வாரத்துல மூணு நாள் போதும், ஒருநாள் விட்டு ஒருநாள். வாரத்துக்கு 5 நிமிஷம் கூட்டுங்க. 30 நிமிஷம் வந்ததும் அங்கனயே ரெண்டு வாரம் நில்லுங்க. அதுக்கப்புறந்தான் முக்கால் கிலோ, அதையும் திரும்ப 10 நிமிஷத்துல இருந்தே ஆரம்பிக்கணும். பைய ஏத்துங்க.

சரியா வீசுனா நாடித்துடிப்பு நிமிஷத்துக்குச் சுமாரா 5 முதல் 10 கூடும், கலோரிச் செலவு 5 முதல் 15 சதவீதம் கூடும். உங்க எடைக்கு 4 கிலோமீட்டர் நடந்தா ஏறக்குறைய 200 கலோரி. அதுல 10, மிஞ்சிப்போனா 30 கூடும். ஒரு இட்லிக்குக்கூட வராது. எடை குறைக்க இது மட்டும் போதும்னு நினைச்சிராதீங்க.

கல்லிடை அக்கா:
செலவில்லாம சோதிச்சுப் பாக்கணும்னா அரை லிட்டர் தண்ணி பாட்டில் சரியா அரை கிலோ. விளிம்பு வரைக்கும் நிரப்பணும், குறைஞ்சா உள்ள தண்ணி அலம்பி மணிக்கட்டை உலுக்கும். ஆனா பாட்டில் தடிமனா இருக்கும், வேர்த்தா வழுக்கும், அதனால இறுக்கிப் பிடிக்கத் தோணும். பிபி உள்ளவங்களுக்கு அது ஆகாது. ரெண்டு மூணு நாள் பாக்கத்தான் சரி.

பட்டைன்னா நம்ம ஊர் வெக்கைக்கு உள்ள வேர்வை தங்கி வேர்க்குரு வரும். அடியில ஒரு பருத்தித் துணிப்பட்டை போட்டுக்கிடுங்க, அதைத் தினமும் துவைங்க. எடைப்பட்டையை நடந்து வந்ததும் கொடியில போடுங்க, பைக்குள்ள அடைச்சு வைக்காதீங்க. சித்திரை, வைகாசியில ஏழு மணிக்கு முன்ன முடிச்சிரணும். அந்த ரெண்டு மாசமும் எடையே இல்லாம நடந்தாலும் ஒண்ணும் குறையாது, வெயிலே துடிப்பை ஏத்தி விட்டுரும்.

இன்னொண்ணு அண்ணாச்சி, 4 கிலோமீட்டர் 45 நிமிஷம்னா மணிக்கு 5.3 கிலோமீட்டர். இதுல இன்னும் இடம் இருக்கு. எடை வாங்குததுக்கு முந்தி அதே தூரத்தை 40 நிமிஷத்துல முடிக்கப் பாருங்க, மணிக்கு 6 வந்துரும். எட்டு வச்சு நடக்காதீங்க, அடியைச் சின்னதாக்கி வேகமா வையுங்க. 1 நிமிஷம் வேகம், 2 நிமிஷம் நிதானம், இப்படி எட்டுத் தடவை. மூச்சு வாங்க மாட்டேங்குன்னு சொன்னீங்களே, அதுக்கு இதுதான் முத மருந்து.

பொருநைநடை:
ரொம்ப நன்றிக்கா, மத்த ரெண்டு பேருக்கும்தான். முதல்ல 40 நிமிஷத்துக்குக் கொண்டுவாரேன். அதுக்கப்புறம் அரை கிலோ பட்டை. அப்ப 2 கிலோ டம்பெல்லுக்கு வேலையே இல்லையா? பட்டை கட்டி நடக்கும்போது விரல் மரத்துப்போச்சுன்னா என்ன பண்ண?

தசைநார்:
2 கிலோவுக்கு வீட்டில் வேலை இருக்கிறது. கையில் எடை வைத்து நடப்பதால் தசை வளராது, அதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும். வாரம் இரண்டு நாள், நின்றபடி முழங்கை மடக்கித் தூக்குவது, தோளிலிருந்து மேலே தள்ளுவது, குனிந்து இடுப்புப் பக்கம் இழுப்பது, ஒவ்வொன்றும் 10 முதல் 12 முறை, இரண்டு சுற்று. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்கினால் பிபி ஏறும்.

மரத்துப்போனால் முதலில் பட்டையின் இறுக்கத்தைப் பாருங்கள். தளர்த்தியும் இரண்டு நிமிடத்தில் தெளியவில்லை என்றால் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு நடையை முடியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இரவிலும் மரத்தால் மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறது என்று பொருள். பட்டையை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நடக்கும்போது இடது கையோ தாடையோ நெஞ்சோடு சேர்ந்து கனத்தால் அது பட்டைக் கோளாறு இல்லை. அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.