1965–66 ஃபோர்டு மஸ்டாங் சஸ்பென்ஷன்: ரோட்டில் ஓட்ட எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

ஸ்பிரிங், ஷாக் வாங்குவதற்கு முன் ஷாக் டவரை (முன் ஸ்பிரிங்கின் மேல் முனையைத் தாங்கும் தகட்டுக் கூடு) பாருங்கள். இந்த வண்டியில் முன் காயில் ஸ்பிரிங், மேல் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் கை) மீது உட்கார்ந்திருக்கிறது. குழியில் விழும்போது வரும் அடி டவர் தகட்டுக்குத்தான் போகும். மேல் ஆர்ம் போல்ட் துளைகளைச் சுற்றிப் பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு டார்ச் அடித்தால், துளையிலிருந்து கிளம்பும் மயிரிழை விரிசல் துருக்கோடாகத் தெரியும். அதை வெல்ட் செய்து, தகடு வைத்துப் பலப்படுத்தாமல் 620 பவுண்ட் ஸ்பிரிங் (ஒரு இன்ச் அழுத்த 620 பவுண்ட் விசை வேண்டும்) போட்டால் விரிசல் இன்னும் ஓடும்.

இரண்டு டவர்களையும் குறுக்கே இணைக்கும் மான்டி கார்லோ பார் போடும்போது துளைகள் கால் இன்ச் தள்ளி நின்றால் பாரில் குற்றமில்லை, டவர்கள் உள்ளே சாய்ந்திருக்கின்றன. சுத்தியலால் தட்டி ஏற்றாமல், ஹைட்ராலிக் ராம் வைத்து டவர்களை மெதுவாக விலக்கிய பிறகு மாட்டுங்கள். டவர்களிலிருந்து ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடு) போகும் இரண்டு மெல்லிய தகடுகளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒற்றைத்துண்டு எக்ஸ்போர்ட் பிரேஸும் போட்டுவிடுங்கள்.

---

டவர் வேலை முடிந்தால் அடுத்தது ஆர்னிங் டிராப், அதாவது மேல் ஆர்ம் மாட்டும் இடத்தைக் கீழே இறக்குவது. காசுக்கு இதைவிடப் பலன் தரும் வேலை இந்த வண்டியில் இல்லை. ஃபோர்டு பொறியாளர் கிளவுஸ் ஆர்னிங் வகுத்தது, மஸ்டாங்கை வைத்து ஷெல்பி செய்த 1965 ஜிடி350-ல் வந்தது. ஷெல்பி டிராப் என்றும் சொல்வார்கள். மேல் ஆர்மின் இரண்டு துளைகளையும் 1 இன்ச் கீழே, 1/8 இன்ச் பின்னே புதிதாகப் போட வேண்டும். டிரில் 17/32 இன்ச். டெம்ப்ளேட்டை பழைய துளையில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகு, முதலில் 1/8 இன்ச் பைலட் துளை, அப்புறம் படிப்படியாகப் பெரிதாக்கணும். ஒரே அடியில் பெரிய டிரில்லை வைத்தால் அது நழுவி துளை முட்டை வடிவமாகிவிடும். பிறகு அலைன்மென்ட் நிற்கவே நிற்காது.

பழைய அமைப்பில் வளைவில் வண்டி சாயும்போது வெளிச்சக்கரமும் சேர்ந்து வெளியே சாயும். ஆர்மின் பிவட் (அது திரும்பும் அச்சு) இறங்கினால் அந்தச் சக்கரம் நெகட்டிவ் கேம்பருக்குப் போகும், அதாவது அதன் மேல்பக்கம் உள்ளே சாயும், டயர் ரோட்டைப் பிடிக்கும். உயரமும் சுமார் 5/8 இன்ச் குறையும். 1 இன்ச்சைத் தாண்டி இறக்க ஆசைப்பட்டால் பால் ஜாயின்ட் கோணம் எல்லைக்குப் போய் இறுகும். அதற்கு பால் ஜாயின்ட்டின் கோணத்தைச் சரிக்கட்டும் வெட்ஜ் கிட் வேணும். ரோட்டு வண்டிக்கு அவசியமில்லை.

ஸ்பிரிங் கழற்ற டவருக்குள்ளே இறங்கும் கம்ப்ரஸர்தான். வெளியே கொக்கி மாட்டும் வகையை இதில் நம்பவே கூடாது. திரும்ப ஏற்றும்போது காயிலின் கீழ் முனை பெர்ச்சில் (ஸ்பிரிங் உட்காரும் தட்டு) இருக்கும் தடுப்புக்கு அரை இன்ச்சுக்குள் வரணும்.

---

பாலியுரேத்தேன் புஷ் (ரப்பருக்குப் பதில் போடும் கடினமான பிளாஸ்டிக் புஷ்) பற்றி ஒரு எச்சரிக்கை. வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்வே பாருக்குத் தாராளமாகப் போடுங்க, 1 இன்ச் முன் பாரோடு நல்லா வேலை செய்யும். கீழ் ஆர்ம் முன்பின் நகராமல் பிடிக்கும் ஸ்டரட் ராடுக்கு மட்டும் வேண்டாம். கீழ் ஆர்ம் ஏறி இறங்கும்போது அந்த ராடும் கோணம் மாறியாகணும். ரப்பர் விட்டுக்கொடுக்கும், பாலி விட்டுக்கொடுக்காது. வளையும் விசை எல்லாம் மரை வெட்டின இடத்துல சேர்ந்து ராடு ஒடியும். பிரேக் அடிக்கும்போது ஒடிஞ்சா சக்கரம் பின்னால போய் இடிக்கும், கன்ட்ரோல் போயிடும். நல்ல ரப்பர் போதும். காசிருந்தா பால் ஜாயின்ட் வச்ச ராடு.

ரப்பர் புஷ் எதுவானாலும் கடைசி இறுக்கு வண்டி நாலு சக்கரத்துல நின்ன பிறகுதான். தொங்கவிட்டு இறுக்கினா, கீழே இறக்கின உடனே ரப்பர் முறுக்கிக்கிட்டே நிற்கும். வண்டி உயரமா நிற்கும், சவாரி கட்டையா இருக்கும், சீக்கிரமே கிழியும். "புது ஸ்பிரிங் போட்டும் வண்டி இறங்கல"ன்னு வர்ற புகார்ல நிறைய இதுதான்.

---

பின்னால் நாலரை லீஃப் (பட்டை), மிட்-ஐ ஸ்பிரிங் (முனைக் கண் பட்டையின் நடுமட்டத்தில் இருக்கும் வகை); சுமார் 1 இன்ச் இறங்கும். கழற்றும்போது முன் கண் போல்ட் புஷ் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஆயில் ஊற்றிக் காத்திருப்பதைவிட இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்துவிட்டு, புது போல்ட் கையில் வைத்துக்கொள்வதே நல்லது. பின் ஸ்வே பார் வேண்டாம் என்பேன். முன்பாரம் அதிகமான வண்டிதான், ஆனாலும் ஈர ரோட்டில் பின்பக்கம் சட்டென்று விலகிப்போகும். முதல் சில நூறு மைலுக்குப் பிறகு ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ-போல்ட்டை மறுபடி டார்க் வைக்கணும் (அளவு பார்த்து இறுக்கணும்), லீஃப்கள் படிந்து தளர்ந்திருக்கும்.

---

அலைன்மென்ட் கடையில் பழைய புத்தக அளவை வைக்க விடாதீர்கள். அது அந்தக் காலத்து பயாஸ்-பிளை டயருக்கானது. ரேடியலுக்கு காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) +2 முதல் +3 டிகிரி, கேம்பர் -0.5 டிகிரி, டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருப்பது) 1/8 இன்ச். இந்த ஆண்டு வண்டிகளில் மேல் ஆர்ம் ஷாஃப்ட்டுக்கும் டவருக்கும் நடுவே ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்துத்தான் சரிசெய்வது. இரண்டு போல்ட்டிலும் ஷிம் குறைத்தால் கேம்பர் நெகட்டிவ் ஆகும். பின் போல்ட்டைவிட முன் போல்ட்டில் அதிகம் வைத்தால் காஸ்டர் கூடும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் காஸ்டர் +2-லேயே நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் பார்க்கிங்கில் கை வலிக்கும்.