மறு: ஸ்கேவஞ்சர் ஹண்ட் – ‘தேடுலா’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஸ்கேவஞ்சர் ஹண்ட்’ என்ற ஆங்கில ஆட்டப் பெயருக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போவதால் ஒருமுறை தொகுத்துக்கொள்கிறேன். இதுவரை வந்த பரிந்துரைகள்: புதையல் வேட்டை, துப்பு வேட்டை, துப்புநடை, தடயத் தேடல், நகர்த்தேடல். அப்புறம், கைபேசி மொழிபெயர்ப்பியில் போட்டுப் பார்த்து ஒருவர் அனுப்பிய ‘தோட்டி வேட்டை’. அவர் வேடிக்கைக்காகத்தான் அனுப்பினார், தெரியும். ஆனால் சாதி இழிவு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சொல்லை விளையாட்டுப் பெயரில் வைத்து, நாளைக்கு ஏதாவது ஒரு செயலியின் பட்டியலில் அது அப்படியே ஏறிவிட்டால் வேடிக்கையாக இருக்காது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நாம் பெயர் தேடுவது எதற்கு என்பதில் ஆளுக்கொரு படம் மனத்தில் வைத்திருக்கிறோம் போலிருக்கிறது. நான் புரிந்துகொண்டது இது: பழைய நகரம் ஒன்றில், கூட ஒரு வழிகாட்டி இல்லாமல், கையில் ஒரு தாளையோ கைபேசியையோ வைத்துக்கொண்டு, அதில் சொன்னவற்றைக் கண்டுபிடித்தபடி நாமே தெருத்தெருவாகச் சுற்றுவது. பரிசு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

> புதையல் வேட்டை என்றுதான் மக்கள் ஏற்கெனவே சொல்கிறார்களே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

மக்கள் சொல்வது வேறொரு ஆட்டத்தை. புதையல் வேட்டையில் ஒரு குறிப்பு அடுத்த குறிப்புக்குக் கூட்டிப்போகும், அது அதற்கடுத்ததற்கு, கடைசியில் ஒளித்துவைத்த ஒரு பொருள். அது சங்கிலி. நாம் பேசுவது பட்டியல். பட்டியலில் எதை முதலில் பிடித்தாலும் சரி, பிடிபடாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். விளையாடுகிறவருக்கு இது சின்ன வேறுபாடாகத் தோன்றும். ஆட்டத்தை அமைப்பவருக்கு இதுதான் எல்லாமே. சங்கிலியில் ஒரு கண்ணி, பூட்டிய வாசலுக்குப் பின்னால் போய்விட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். பழைய நகரங்களில் வாசல்கள் அடிக்கடி பூட்டியிருக்கும், சுவரைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கும், தெருவையே தோண்டிப் போட்டிருப்பார்கள். பட்டியல் இதையெல்லாம் தாங்கும். ஒரே செயலியில் இரண்டு ஆட்டமும் அடுத்தடுத்த பொத்தான்களாக வரும்போது இரண்டுக்கும் ‘புதையல் வேட்டை’ என்று எழுத முடியாது. ஆகவே அந்தப் பெயரை அதன் சொந்தக்காரனுக்கே விட்டுவிடுவோம்.

> துப்பு வேட்டை என்றால் கேட்டவுடன் புரியும்.

புரியும், மறுக்கவில்லை. எனக்கு இடிப்பது வேட்டை. இந்த ஆட்டம் விருந்துக் கேளிக்கையாக இருந்த காலத்தில் அந்தச் சொல் பொருந்தியது. எல்சா மாக்ஸ்வெல் என்ற அமெரிக்க அம்மையார் 1930களில் அதைப் பிரபலமாக்கியவராகச் சொல்லப்படுகிறார். பட்டியலில் உள்ள பொருள்களைக் கண்டுபிடித்து, கையோடு தூக்கிக்கொண்டு வரவேண்டும். வேட்டைதான். இன்றைக்கு நகரத்தைச் சுற்றும் வடிவத்தில் எதையும் எடுப்பதில்லை. பார்க்கிறோம், எண்ணுகிறோம், படம் பிடிக்கிறோம், விடை எழுதுகிறோம், பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இருக்க வேண்டும், என்று சொல்வது பொருத்தம். பாரிஸில் ஒரு எடுத்துக்காட்டு உண்டு. வானியலாளர் பிரான்சுவா அரகோவின் வெண்கலச் சிலையை 1942-இல் உருக்கிவிட்டார்கள், பீடம் மட்டும் மிச்சம். பிறகு 1994-இல் யான் டிபெட்ஸ் என்ற டச்சுக் கலைஞர், சிலைக்குப் பதிலாக 135 வெண்கல வில்லைகளைப் பாரிஸ் தீர்க்கக் கோட்டின் நெடுகிலும் பதித்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, விட்டம் 12 சென்டிமீட்டர். நடுவில் அரகோ என்ற பெயர், மேலும் கீழும் வடக்குக்கும் தெற்குக்கும் ஒவ்வோர் எழுத்து. நடைபாதையில், முற்றங்களில், காலடியில் கிடக்கும். இந்த ஆட்டத்துக்கென்றே செய்துவைத்தது போன்ற ஏற்பாடு. ஆனால் பல வில்லைகள் இப்போது இல்லை, பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வேட்டை என்று பெயர் வைப்பதில் எனக்குள்ள தயக்கம் இதுதான். சொல்லைக் கேட்டுத்தான் திருடினார்கள் என்று சொல்லவரவில்லை, ஆனால் நாம் புதிதாக வைக்கிற பெயரில் எடுத்துக்கொள்ளும் தொனி எதற்கு?

துப்புநடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எச்சில்தான் நினைவுக்கு வரும். நகர்த்தேடல் என்பதை ‘நகரத்தையே காணோம், தேடுகிறோம்’ என்றும் படிக்கலாம்.

> மூலச் சொல்லின் பொருளை விட்டு விலகலாமா? குப்பை பொறுக்குதல் என்ற கருத்து அதில் இருக்கிறதே?

இந்தக் கேள்வி நல்ல கேள்வி, ஏனென்றால் மூலம் அங்கே தொடங்கவில்லை. இடைக்கால லண்டனில் வெளியூர் வணிகர்கள் விற்கக் கொண்டுவந்து காட்டும் சரக்கின் மேல் ஒரு தீர்வை இருந்தது. அதை வசூலித்த அலுவலரின் பெயர்தான் ‘ஸ்கேவஞ்சர்’. வேர், பிளெமிஷ் மொழியில் ‘பார்’ என்னும் பொருள் கொண்ட சொல். பிற்பாடு அதே அலுவலர் தலையில் தெருவைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பும் விழுந்தது, குப்பைப் பொருள் அப்படி ஒட்டிக்கொண்டது. ஆகவே வேரில் இருப்பது பார்வையிடுதல், பொறுக்குதல் அல்ல. மூலத்துக்கு விசுவாசம் காட்ட வேண்டும் என்பவர்களுக்கு ‘பார்’ என்பதே போதுமான விசுவாசம். என்னைக் கேட்டால் மூலத்தைவிட ஆட்டத்தைப் பார்த்துப் பெயர் வைப்பதே மேல்.

என் பரிந்துரை: தேடுலா.

தேடு + உலா. சுற்று + உலா சேர்ந்து சுற்றுலா ஆனது போலவே, குற்றியலுகரம் போய்ப் புணர்கிறது. வினைத்தொகையாதலால் தேடிய, தேடுகிற, தேடும் உலா என மூன்று காலத்துக்கும் நிற்கும். ‘சுற்றுலா போகலாமா’ என்கிற வாய்க்குத் ‘தேடுலா போகலாமா’ என்பதும் வரும். நடை என்று முடியாததால் சக்கர நாற்காலியில் வருபவரும் மிதிவண்டியில் வருபவரும் வெளியே நிற்க வேண்டியதில்லை.

> உலா என்பது பாட்டுடைத் தலைவன் பவனி வருவது. இங்கே எந்தத் தலைவன்?

புலவர் ஐயா எழுப்பிய இந்த மறுப்பை ரசித்தேன். உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வருவான், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தாரும் அவனைப் பார்ப்பார்கள். பார்க்கப்படுவதற்காகவே ஒருவன் ஊரைச் சுற்றிவருவதுதான் உலா. தேடுலாவில் இது தலைகீழ்: சுற்றுகிறவரை யாரும் கண்டுகொள்வதில்லை, அவர்தான் ஊரைப் பார்க்கிறார். ஆனால் அந்தக் கணக்கைச் சுற்றுலா என்ற சொல் எப்போதோ தீர்த்துவிட்டது. அங்கேயும் பயணி பார்ப்பவர்தானே, ஐயா? உலா என்றதும் இன்று நம் காதில் விழுவது தெருவில் ஆற அமரச் சுற்றும் பொருள்தான்.

> தேடு என்றாலே இப்போது தேடுபொறிதான் நினைவுக்கு வருகிறது.

இது வலுவான மறுப்பு. ஆனால் இதையே சாதகமாகத் திருப்பலாம். தேடுபொறியில் விடை கிடைக்கிற கேள்வி, தேடுலாவில் கேட்கத் தகாத கேள்வி. ‘இந்தத் தேவாலயம் எந்த ஆண்டு கட்டப்பட்டது?’ என்று கேட்டால் ஆள் அறையில் படுத்துக்கொண்டே விடை எழுதிவிடுவார். நெதர்லாந்து, பெல்ஜியத்துப் பழைய வீடுகளில் சுவரைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டைகளையே எண் வடிவில் வளைத்து, கட்டிய ஆண்டை முகப்பில் எழுதிவிடுவார்கள். நான்கு எண்ணும் நான்கு பக்கம் தள்ளித் தள்ளி இருக்கும், சட்டென்று கண்ணில் படாது. ‘இந்த வீட்டைத் தாங்கிப் பிடிக்கும் நான்கு எண்களைக் கூட்டு’ என்று கேளுங்கள். தலையைத் தூக்கிப் பார்க்காமல் விடை வராது.

லண்டனில் இன்னொன்று. 1666 பெருந்தீக்குப் பிறகு தீக்காப்பீட்டு நிறுவனங்கள் வந்தன, சொந்தமாகத் தீயணைப்புப் படைகளும் வைத்திருந்தன. காப்பீடு எடுத்த வீட்டின் முகப்பில், கைக்கு எட்டாத உயரத்தில், நிறுவனத்தின் சின்னத்தை உலோகத் தகட்டில் வார்த்து அடித்துவைப்பார்கள். 1710-இல் தொடங்கிய சன் நிறுவனத்தின் சின்னம் முகம் வரைந்த சூரியன், கீழே காப்பீட்டு எண்ணும் பொறித்திருக்கும். சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. ‘இந்தத் தெருவில் மறையாத சூரியன் ஒன்று உண்டு. அதன் கீழே உள்ள எண் என்ன?’ இப்படி எழுதினால் குறிப்பும் புதிராகிறது, விடையும் அந்த இடத்தில் நின்றால்தான் கிடைக்கும். கண்டுபிடித்த பிறகு, இது ஏன் இங்கே இருக்கிறது என்று இரண்டு வரி கொடுத்தால் வரலாறும் இறங்கிவிடும். முன்கூட்டியே கொடுத்தால் யாரும் படிப்பதில்லை.

சரி, துணைச் சொற்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் தேடுபொருள். அதைச் சுட்டும் வரிக்குக் குறிப்பு என்பதே போதும், துப்பு என்பது குற்றத்தைத் துலக்குவதோடு இருக்கட்டும். கையில் தரும் தாள் தேடுதாள். கலந்துகொள்பவருக்குத் தனிச்சொல் வேண்டாம் என்பேன். ‘தேடுலாவி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உலாவி என்ற சொல்லை இணையத்துக்காக ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், கணினிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பங்கேற்பாளர் என்றே எழுதலாம்.

‘தானே வழிகாட்டிக்கொள்ளும்’ என்ற அடைக்குத் தன்வழி, தற்காட்டு, வழிகாட்டியற்ற என மூன்று வந்திருக்கின்றன. மூன்றாவது, ஏதோ குறை இருப்பது போல ஒலிக்கிறது. உண்மையில் வழிகாட்டுதல் இருக்கிறது, தாளில் இருக்கிறது. தற்காட்டு என்பதற்குத் தன்னைக் காட்டிக்கொள்வது என்று பொருள் போய்விடும். தன்வழி பரவாயில்லை. ஆனால் தேடுலா என்றாலே தன்வழிதான் என்று வைத்துக்கொண்டு, ஆள் கூட வரும்போது மட்டும் ‘வழிகாட்டியுடன்’ என்று சேர்க்கலாமே? தேவைப்படும் இடத்தில் தன்வழித் தேடுலா என்று விரித்து எழுதுவதை இது தடுக்காது.

அமெரிக்காவின் பாஸ்டனில் தரையில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: அது இதில் சேராது. செங்கல்லும் வண்ணமுமாக இரண்டரை மைல் ஓடி 16 வரலாற்று இடங்களை இணைக்கிறது. 1951-இல் வில்லியம் ஸ்கோஃபீல்ட் என்ற பத்திரிகையாளர் கொடுத்த யோசனை. ஜெர்மனியின் ஹனோவரிலும் அதே மாதிரி 4.2 கிலோமீட்டர் சிவப்புக் கோடு உண்டு. கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் போதும் என்கிறபோது தேடுவதற்கு என்ன இருக்கிறது? அதற்குத் தடம் என்ற சொல் இருக்கிறது, மரபுத் தடம் என்று எழுதலாம். ‘ஜியோகேச்சிங்’ என்பதும் இதில் சேராது: செயற்கைக்கோள் காட்டும் ஆயங்களை (இடத்தைச் சுட்டும் எண்களை) வைத்து, ஒருவர் ஒளித்த பெட்டியை மற்றவர் தேடும் அந்த ஆட்டம் 2000 மே மாதம் தொடங்கியது. அமெரிக்கா ஜிபிஎஸ் குறிகையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கிய மறுநாளே ஒருவர் ஓரிகனில் முதல் பெட்டியை ஒளித்தார். அதில் ஒளித்தலும் உண்டு, எடுத்தலும் உண்டு. புதையல் என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும்.

அகராதிப் பதிவை இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்:

தேடுலா (பெ.): ஓர் ஊரிலோ வளாகத்திலோ, பட்டியலிட்ட பொருள்களை அல்லது இடங்களைக் குறிப்புகளின் துணையோடு, எந்த வரிசையிலும், தாமே கண்டறிந்தபடி சுற்றிவரும் ஆட்டம். எதையும் எடுத்துச் செல்வதில்லை.

கடைசி வரி வரையறையில் இருக்க வேண்டுமா, விதிமுறையில் இருக்க வேண்டுமா என்பதில் எனக்கே இரு மனம். வேறு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ஒலி வழிகாட்டிக்குச் சொல் கேட்டவர் தயவுசெய்து தனி இழை தொடங்கவும், இங்கே இரண்டும் கலந்தால் பிறகு தேடி எடுக்க முடியாது.