சீஸ் வண்டியா, ஓனர் வண்டியா? பழைய பிக்கப் வாங்க யோசனை சொல்லுங்கள்

தக்காளி லோடு:
ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்குச் சுற்று ஊர்களிலிருந்து தக்காளியும் முருங்கையும் ஏற்றி வர பழைய பொலிரோ பிக்கப் தேடுகிறேன். இரண்டு வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டும் 2017 மாடல், பி.எஸ்.4 புகை விதிப்படி வந்தவை. ஒன்று கொடைக்கானல் மேல்மலையில் கேரட், உருளை ஏற்றிய ஒரே ஓனர் வண்டி. நாலே முக்கால் லட்சம் கேட்கிறார். இன்னொன்று தவணை கட்டாததால் ஃபைனான்ஸ்காரர்கள் பறிமுதல் செய்து இழுத்து வந்த சீஸ் வண்டி. கோவைப் பக்கம் ஏல யார்டில் நிற்கிறது. மூன்றரைக்கு முடித்துத் தருவதாகப் புரோக்கர் சொல்கிறார். எதை எடுக்கலாம்?

யார்டு ராஜா:
ஒன்றே கால் லட்சம் மிச்சம், இதில் என்ன யோசனை? நாலு டயர், பேட்டரி, கிளட்ச் செட் எல்லாம் மாற்றினாலும் கையில் காசு நிற்கும். மலை வண்டி பாதி நாள் இரண்டாம் கியரிலேயே ஏறியிருக்கும். கிளட்சும் பின் அச்சின் கிரவுன் பல்சக்கரமும் என்ன கதியில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பூம்பாறை டிரைவர்:
ராஜா அண்ணே, மலையில் ஓட்டுகிறவனுக்கு பிரேக் போனால் உயிர் போகும். அதனால் லைனிங்கையும் கிளட்சையும் காலத்தில் மாற்றிவிடுவான். தவணை கட்டவே காசில்லாதவர் எஞ்சின் ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பாரா? யார்டில் ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள், அவ்வளவுதான். லோடு போட்டு ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். விற்பதே உள்ளது உள்ளபடி என்ற கணக்கில். வெயிலில் மாதக்கணக்கில் நின்றதில் டயர் வெடித்திருக்கும், நல்ல பேட்டரி யார் வண்டிக்கோ போயிருக்கும்.

யார்டு ராஜா:
எல்லா சீஸ் வண்டியும் குப்பை இல்லை தம்பி. லோடு கிடைக்காமல் சும்மா நிறுத்தியதாலேயே தவணை தவறிய வண்டிகளும் உண்டு. பேப்பரும் பயமில்லை. பழைய ஓனர் ஆர்.சி.யைத் தராவிட்டாலும், ஃபைனான்ஸ் கம்பெனி 36-ஆம் படிவம் கொடுத்துத் தன் பெயரில் புது ஆர்.சி. வாங்க சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்:
இடம் இருக்கிறது, ஆனால் பழைய ஓனருக்கு நோட்டீஸ் போய் அது முடிகிற வரை வண்டி உங்கள் வீட்டு வாசலில் சும்மா நிற்கும். பணமோ ஏலம் முடிந்ததுமே போயிருக்கும். புது ஆர்.சி. கைக்கு வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.

இரண்டு வண்டிக்கும் பொதுவாகச் சொல்கிறேன். அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு எஃப்.சி. (தகுதிச் சான்று), வரி, இன்சூரன்ஸ், கடன், செலான் எல்லாம் பாருங்கள். கடன் அடைத்தாயிற்று என்று ஓனர் வாயால் சொன்னால் போதாது. பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ் தரும் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்க 35-ஆம் படிவமும் கையில் வேண்டும். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி உடனே பெயரை மாற்றுங்கள். கைமாறிக் கைமாறிப் போன ஒரு வண்டியின் விபத்து வழக்கில், ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே ஓனர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் விற்கிறவருக்கும் இதில் அவசரம் இருக்க வேண்டும். இல்லை என்றால் எனக்கு சந்தேகம் வரும்.

ஆர்.சி.யில் மொத்த எடையையும் பாருங்கள். 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட் வேண்டும். பொலிரோவில் இரண்டு ரகமும் இருக்கிறது.

உப்புக்காற்று:
தூத்துக்குடியிலிருந்து ஒரு கேள்வி. யார்டு வண்டி எதை ஏற்றியது என்று யாருக்காவது தெரியுமா? மீன் வண்டியாக இருந்தால் ஐஸ் தண்ணீரும் உப்பும் சேஸிஸை உள்ளிருந்து தின்றிருக்கும். மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் தெரியாது. அடியில் படுத்து, லோடைத் தாங்கும் கமான் பட்டை பிடிக்கிற இடத்தையும் சேஸிஸில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

யார்டு ராஜா:
அது நியாயமான கேள்விதான். ஆனால் அடியில் படுத்துப் பார்க்க யார்டிலும் யாரும் தடுப்பதில்லை. அந்தப் பிரச்சினை ஓனர் வண்டியிலும் வரும். "ஒரே ஓனர்" என்பார்கள், ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் வெறும் டெலிவரி நோட்டில் கைமாற்றி மூன்று பேர் ஓட்டியிருப்பார்கள்.

பூம்பாறை டிரைவர்:
அதைக் கண்டுபிடிக்க ஊர் டீக்கடை போதும் அண்ணே. யார்டுக்குப் பக்கத்து டீக்கடையில் என்ன கேட்பீர்கள்?

தக்காளி லோடு:
சரி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மெக்கானிக்கோடு மலைக்குப் போகிறேன். ஒரு சிக்கல், அந்த வண்டியின் எஃப்.சி. அடுத்த மாதம் முடிகிறதாம்.

பூம்பாறை டிரைவர்:
முந்தின நாளே போன் போட்டு, நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மலைக் குளிரில் முதல் ஸ்டார்ட் எப்படி எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். புகை குப்குப்பென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அப்படியே திரும்பி வாருங்கள்.

யார்டு ராஜா:
எஃப்.சி. சிக்கல் இல்லை, உங்களுக்குப் பேரம் பேச இடம். 8 வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எடுக்க வேண்டும். அவரே டிங்கரிங், பெயின்ட் முடித்து எஃப்.சி. எடுத்துக் கொடுத்தால் நாலே முக்காலைப் பற்றிப் பேசுங்கள். அப்படியே தள்ளிவிடப் பார்த்தால் நாலே காலுக்கு மேல் ஒரு ரூபாய் ஏறாதீர்கள். அதற்கு ஒத்துவராவிட்டால் யார்டு வண்டி அங்கேதான் நிற்கிறது, சொல்லுங்கள், நானே கூட வருகிறேன்.